வான் அளந்தவர், கடல் ஆழ்ந்தவர்

இயற்பியல் ஆய்வகத்தில் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைச் செய்து பார்த்தபோது, மதிப்பெண்ணுக்கு அப்பால் அதற்கு வேறு பயன் உண்டென்று நான் எண்ணியதில்லை. பேராசிரியர் அகஸ்டே பிக்கார்டின் வாழ்க்கையைப் படித்த பின்னரே, அத்தத்துவம் ஒரு மனிதரை விண்ணுக்கும் கடலடிக்கும் கொண்டு சென்ற வியத்தகு வரலாற்றை அறிந்தேன்.

1884இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் இரட்டையருள் ஒருவராகப் பிறந்த பிக்கார்டு, 1922இல் பிரஸ்ஸல்ஸில் இயற்பியல் பேராசிரியரானார். காஸ்மிக் கதிர்களை ஆராய விரும்பி, காற்றுப் புகாத அலுமினிய உருண்டைக்குள் அமர்ந்து, ஹைட்ரஜன் பலூனில் 1931 மே 27 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து கிளம்பினார். உடன் சென்றவர் பால் கிப்ஃபர். எட்டிய உயரம் 15,781 மீட்டர்! ஆனால் இறங்க முடியவில்லை. வாயுவை வெளியேற்றும் வால்வின் கயிறு சிக்கிக்கொண்டது. மாலையில் வாயு குளிர்ந்த பிறகே பலூன் இறங்கி, ஆல்ப்ஸ் மலைப் பனிப்பரப்பில் அமர்ந்தது. போவதைவிடத் திரும்புவதே பெரிது என்னும் பாடத்தை அன்றுதான் அவர் கற்றாரோ என எனக்குத் தோன்றுகிறது.

ஏனெனில், பின்னர் அவர் கடலுக்காக அமைத்த கலத்தில் திரும்பும் வழியே முதலிடம் பெற்றது. 1934இல் பீபியும் பார்ட்டனும் கப்பலிலிருந்து கம்பியில் தொங்கிய உருண்டையில் 923 மீட்டர் இறங்கியிருந்தனர். கம்பி அறுந்தால் மீட்சியில்லை. பிக்கார்டு கம்பியையே விலக்கினார். எஃகு உருண்டைக்கு மேல், நீரைவிட இலேசான பெட்ரோல் நிரம்பிய பெரும் மிதவை. கீழே அமிழ்த்த இரும்புக் குண்டுகள். அக்குண்டுகளைப் பிடித்து நிறுத்துவது மின்காந்தம். மின்சாரம் தடைப்பட்டால் குண்டுகள் தாமே உதிரும்; கலம் தானே மேலெழும். பழுதே காவலாகும் விந்தை!

1948இல், தாமே இயங்கும் கருவிகளின் பொறுப்பில், ஆளில்லாமல் சுமார் 1,380 மீட்டர் சென்று கலம் மீண்டது. ஆனால் மேலே அலைகள் மிதவையைச் சிதைத்தன. அப்போது அவருக்கு வயது 64. ஓய்ந்தாரா? இல்லை. இத்தாலியில் 'டிரியெஸ்ட்' கலத்தை உருவாக்கி, 1953இல் மகன் ஜாக்குடன் 3,150 மீட்டர் ஆழம் இறங்கினார்.

1960 ஜனவரி 23 அன்று, அதே கலத்தில் ஜாக்கும் அமெரிக்கக் கடற்படையின் டான் வால்ஷும் பசிபிக்கின் சேலஞ்சர் பள்ளத்தின் அடியை, ஏறத்தாழ 10,900 மீட்டரில் தொட்டனர். வழியில் ஒரு சன்னலில் விரிசல் கண்டது. எனினும் இரும்பு உதிர்ந்தது, இருவரும் மீண்டனர். அவ்வெற்றியைக் கண்ட தந்தை 1962இல் மறைந்தார்.

இன்று தாமே வழி தேர்ந்து, ஒலியலைகளால் கடற்தரையை வரையும் அறிவுக் கருவிகள் ஆழ்கடலில் உலவுகின்றன. அவற்றுள் பலவும், இடர் நேர்ந்தால் உதிர்க்க ஓர் எடையைச் சுமந்தே செல்கின்றன. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த 'மத்ஸ்யா 6000' கலத்திலும் மனிதர் அமருமிடம் உருண்டையே.

நண்பர்களே! கணக்கிடுவது மட்டும் அறிவன்று. தான் தவறக்கூடும் என்று முன்னரே எண்ணிப் பார்ப்பதும் அறிவே. அடுத்தமுறை ஆய்வகத்தில் குண்டைத் தண்ணீரில் அமிழ்த்தும்போது, அம்முதியவரை நான் நினைத்துக்கொள்வேன்.