மோட்டார்த் தொழிலின் முன்னோடி

மதுரை மாநகரில் வையையாற்றின் தென்கரையை அடுத்து அமைந்துள்ள பகுதி சிம்மக்கல். மீனாட்சியம்மை திருக்கோயிலுக்கு வடக்கே உள்ள இவ்விடத்தில் பேருந்துகளின் ஓசை நாள் முழுவதும் ஓய்வதில்லை. நூறாண்டுகளுக்கு முன்னரோ பாண்டி நாட்டுச் சாலைகளில் மாட்டு வண்டிகளே மிகுதியாகச் சென்றன. பக்கத்து ஊருக்குச் சென்று திரும்புவதற்கும் ஒரு பகல் வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்ற முன்வந்தவருள் தலைசிறந்தவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார்.

இவர் நெல்லைச் சீமையில் உள்ள திருக்குறுங்குடி என்னும் ஊரில் 1877ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் விருப்பத்திற்கு இணங்கி முதலில் வழக்குரைஞர் தொழிலை மேற்கொண்டார். பின்னர் இரயில்வேயிலும், அதன்பின் ஒரு வங்கியிலும் பணியாற்றினார். மாதந்தோறும் தவறாது வரும் ஊதியம் அவருக்கு நிறைவு தரவில்லை. தாமே ஒரு தொழிலைத் தொடங்கிப் பலருக்கும் பயன்பட வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் எழுந்தது. 1911ஆம் ஆண்டில் தம் பெயரிலேயே ஒரு வணிக நிறுவனத்தை நிறுவினார். அடுத்த ஆண்டிலேயே பேருந்துப் போக்குவரத்திலும் துணிந்து இறங்கினார்.

அக்காலத்தில் அத்தொழில் எளிதன்று. சாலைகள் கரடுமுரடானவை, வண்டிகளும் அவற்றின் உறுப்புகளும் கடல் கடந்து வந்தாக வேண்டும். ஓர் உறுப்பு முறிந்தால் வண்டி பல நாள் முடங்கிக் கிடக்கும். ஆகவே, பழுது நேர்ந்தபின் வருந்துவதைவிடப் பழுது நேராமற் காப்பதே அறிவுடைமை என்பதை ஐயங்கார் உணர்ந்தார். பணிமனையில் ஒழுங்கையும், பாதையில் காலந்தவறாமையையும் கடைப்பிடித்தார். அவருடைய பேருந்து வருவதைக் கண்டு மக்கள் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டனர் என்று மதுரையார் பெருமையுடன் கூறுவர். மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் சக்கரங்களைத் துளைப்பது கண்டு, காந்தம் பூட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டி அவற்றை அகற்றச் செய்தார் என்றும் சொல்வர். சிறு பொருளும் பெரிய வண்டியை நிறுத்திவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1939ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு உண்டாயிற்று. வண்டிகள் நின்றுவிட்டால் தொழிலாளர் பிழைப்பு என்னாகும்? பயணிகள் நிலை என்னாகும்? ஐயங்கார் மனந்தளரவில்லை. மரக்கரியை எரித்து அதிலிருந்து பெறும் வாயுவினால் வண்டிகளை ஓட்டும் கருவியை உருவாக்கிப் பரப்பினார். தேய்ந்த டயர்களுக்குப் புது ரப்பர் பூசும் தொழிற்சாலையையும் ஏற்படுத்தினார். கிடைக்காத பொருளுக்காக ஏங்காமல், கிடைப்பதைக் கொண்டு வழி காண்பதே அவர் இயல்பு.

முதுமையில் அவர் பொறுப்புகளைத் தம் மக்களிடம் ஒப்படைத்தார். 1955ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, அவர் நட்ட வித்து பல கிளைகள் விட்ட பெருமரமாக வளர்ந்திருந்தது. அவர் மறைவுக்குப் பின்னும் அது தழைத்தது. 1966ஆம் ஆண்டில், அவர்தம் வழியினரால் சென்னையை அடுத்த பாடியில் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் என்னும் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய உறுதிமிக்க மரையாணிகளைச் செய்வதே அதன் பணி. பெரிய வண்டிகளை ஓட்டியவரின் வழியினர் சிறிய ஆணியைச் செய்யப் புகுந்தது ஏன்? டீசல் இயந்திரத்தின் அமைப்பை அறிந்தால் இது விளங்கும்.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. சிலிண்டருக்குள் காற்று தன் பருமனில் பதினைந்தில் ஒரு பங்கிற்கும் குறைவாக நெருக்கப்படும். அதனால் மிகுந்த வெப்பம் அடையும். அதில் தெளிக்கப்படும் எண்ணெய் தானே பற்றி எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். அதே விசை சிலிண்டரின் மூடியை மேலேயும் தள்ளும். அம்மூடியைப் பறக்கவிடாது பிடித்திருப்பவை ஸ்டட் எனப்படும் திருகுத் தண்டுகள். நட்டை முறுக்கும்பொழுது தண்டு மிகச் சிறிதளவு நீளும். மீண்டும் சுருங்க முயலும் அதன் இயல்பே மூடியை இறுகப் பற்றுகிறது.

கழிவுப் புகையின் வேகத்தால் சுழன்று, இயந்திரத்திற்குள் மிகுதியான காற்றைச் செலுத்தும் கருவி டர்போ எனப்படும். இதனால் ஆற்றல் பெருகும், அழுத்தமும் பெருகும். பத்து செண்டிமீட்டர் குறுக்களவுள்ள சிலிண்டரில், ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 150 கிலோகிராம் அழுத்தம் உண்டானால், மூடியைத் தள்ளும் விசை ஏறத்தாழ 11,800 கிலோகிராம் எடைக்கு ஒப்பாகும். பழைய தண்டுகள் இதைத் தாங்காது அளவுக்கு மேல் நீண்டால், மூடி மயிரிழையளவு எழும்பும். இடையே உள்ள கேஸ்கட் சிதையும். எரிவாயு குளிர்நீரில் கலக்கும். இயந்திரம் கொதித்து வழியிலேயே நின்றுவிடும்.

ஆகவே இயந்திரத்தின் ஆற்றலைப் பெருக்க விரும்புவோர் அதன் தண்டுகளையும் உறுதியாக்குதல் வேண்டும். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகினால் ஆன தண்டுகள் இதற்கு ஏற்றவை. உறுதியான தண்டு மட்டும் போதாது. மூடியின் அடிப்பரப்பு சமமாக இருத்தல் வேண்டும். திருகு புரிகளில் அழுக்கு இருத்தல் ஆகாது. நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறம் நோக்கி, ஒரே முறையில் அன்றிப் படிப்படியாக, வரையறுத்த அளவுக்கு முறுக்குதல் வேண்டும். ஒன்றை மிகுதியாகவும் மற்றொன்றைக் குறைவாகவும் முறுக்கினால் மூடி கோணிவிடும்.

ஐயங்கார் தம் பணிமனையில் வளர்த்த ஒழுங்கும் இத்தகையதே. வேகத்தை மட்டும் விரும்பி, அதனைத் தாங்கும் உறுப்புகளைப் பேணாதவன் பாதி வழியில் நிற்பான். ஒவ்வோர் உறுப்பும் தன் பங்கைத் தாங்கினால் வண்டி ஊர் போய்ச் சேரும். ஒவ்வொருவரும் தம் கடமையைச் செம்மையாகச் செய்தால் தொழிலும் நாடும் உயரும். சிம்மக்கல் வழியே குறித்த நேரத்தில் செல்லும் ஒவ்வொரு பேருந்திலும் இவ்வுண்மை விளங்குகின்றது.