முதல் ஹீரோயின், முதல் பெண் இயக்குநர்... யார் இந்த டி.பி.ராஜலட்சுமி?
1911-ல் திருவையாற்றில் பிறந்தவர் டி.பி.ராஜலட்சுமி. சின்ன வயசிலேயே கல்யாணம், அது நிலைக்கல. பிழைப்புக்காக அம்மாவோடு திருச்சிக்கு வந்தவர், சாமண்ணா நாடக கம்பெனியில் சேர்ந்தார். பெண் வேஷத்தையும் பெரும்பாலும் ஆண்களே கட்டிய காலம் அது!

1931-ல் வெளியான 'காளிதாஸ்' படம், தமிழின் முதல் பேசும்பட நாயகி ஆக்கியது. ஹீரோ தெலுங்கில் பேச, இவர் தமிழில் பேசினார். மன்னர் காலத்து கதைதான், ஆனா அதில் காந்தியின் ராட்டையைப் புகழ்ந்தும் ஒரு பாட்டு பாடினார்.

அதோடு நிற்கல. தான் எழுதிய 'கமலவல்லி' நாவலை 1936-ல் 'மிஸ் கமலா' என்ற படமாக்கினார். தயாரிப்பு, இயக்கம், நடிப்பு எல்லாமே அவர்தான். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநரும் ஆனார். 1964-ல் மறைந்தார்.

யூடியூபில் தேடிப் பார்த்தாலும் இந்த இரண்டு படங்களும் சிக்காது. பிரின்ட்டே மிஞ்சல.