தக்கர் பாபா

திருப்பூர் என்றவுடன் பஞ்சும் நூலும் பனியனுமே பலர்க்கு நினைவில் வரும். அம்மாவட்டத்தின் தென்கோடியில், உடுமலைப்பேட்டைக்கு மேலுள்ள ஆனைமலைத் தொடரில், மலசரும் முதுவரும் புலையரும் வாழ்தலை அறிந்தார் சிலரே. அன்னார் மக்கள் பள்ளியிற் சேர்ந்தும் நிலையாது நின்றுவிடும் செய்தியைக் கேட்குந்தோறும், அமிர்தலால் விட்டல்தாஸ் தக்கர் என்னும் பெரியாரின் வரலாற்றை நாம் எண்ணாதிருத்தல் இயலாது.

அவர் 1869-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் கத்தியவார்ப் பவநகரிற் பிறந்தனர். பூனாவில் பொறியியல் பயின்று, கீழை ஆப்பிரிக்க இருப்புப்பாதையிலும் பம்பாய் நகராட்சியிலும் பணிபுரிந்தனர். நாற்பது கடந்தபின், 1914-இல், உத்தியோகத்தை உதறிக் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்தனர்.

பஞ்சமகாலில் பஞ்சம் நேர்ந்தபோது துயர்துடைக்கச் சென்றவர், ஆண்டுப் பீலர் நிலைகண்டு உளம் நொந்து, 1922-இல் தாகோத் நகரில் பீல் சேவா மண்டலத்தை நிறுவினர். பள்ளி திறந்தாற் பிள்ளைகள் வந்துவிடுவரோ? பீலர் தம் ஊர்களிற் கூடி வாழ்வாரல்லர். வீட்டுக்கு ஒரு மேடு, மேட்டைச் சூழ்ந்து ஒரு வயல். பள்ளிக்கு நடக்குந் தொலைவே பாதி நாளை விழுங்கும். சிறுவனே ஆடுமாடு மேய்ப்பவன். அவன் பள்ளி புக்கால் மேய்ப்பார் யார்? ஆசிரியர் பேசும் குசராத்தியோ அவன் தாய்மொழியன்று. பசித்த வயிறு வேறு. இவற்றையெல்லாம் பிள்ளையின் மடிமை என்று எழுதிவைத்தல் எளிது. தக்கர் அங்ஙனம் எழுதினாரல்லர். ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்து உண்டு, உறங்கி, உழுது, நூற்றுப் பயிலும் ஆசிரமப் பள்ளிகளைத் தாகோத் வட்டாரத்தில் அமைப்பித்தனர். கல்விக்கு முன்னர்ச் சோறு என்பதை அவர் உணர்ந்திருந்தனர்.

இம்முறைக்கு ஒரு விலை உண்டு. தாயையும் காட்டையும் பிரிந்து வளரும் பிள்ளை தன் குலத்தின் பாட்டையும் மொழியையும் மறத்தல் கூடும். சமயத்தொண்டராக வந்து பின்னர்த் திருச்சபையை நீங்கிய வெரியர் எல்வின், பழங்குடியினரைப் புறத்தார் தலையீட்டினின்று காத்தல் வேண்டுமென வாதித்தனர். தக்கரோ, 1941-இல் பூனாவில் ஆற்றிய சொற்பொழிவில், தனித்துவைத்தல் தகாதென மறுத்தனர். சோறும் ஏடும் இன்றிக் காக்கப்படுதல் காப்பாகாது என்னுமளவில் நாம் தக்கர் பக்கமே. ஆயினும் மொழிபற்றிய எல்வினின் அச்சம் வீணன்று.

அரசியலமைப்பு அவையின் பழங்குடிப் பகுதிகளுக்கான துணைக்குழுவொன்றுக்குத் தலைமை தாங்கி, முதுமையிலும் ஒரிசா, பீகார் முதலிய நாடுகளின் மலைகளுக்கு நேரிற் சென்றனர். 1948-இல் பாரதீய ஆதிமஜாதி சேவக சங்கத்தை நிறுவி, 1951 சனவரியில் மறைந்தனர். நம் நாட்டு அரசு இன்று நடத்தும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் அவர் வகுத்த முறையையே பெரிதும் ஒத்தவை. விடுமுறைக்கு மலையேறிய பிள்ளை மீண்டும் இறங்கி வருமோ என்று அங்குள்ள ஆசிரியர் ஒவ்வோராண்டும் சூன் திங்களில் வழிபார்த்திருக்கின்றனர்.