படாசாரைத் தேரி

சாவு நேர்ந்த இல்லத்திற்குச் சென்று துக்கமுற்றோரைத் தேற்றுவது நம் உபாசகர்க்கும் பிரசாரகர்க்கும் உரிய கடமையாகும். அக்கடமையை மேற்கொள்ளுமுன் படாசாரைத் தேரியின் சரிதத்தை ஒவ்வொருவரும் மனத்திற் கொள்ளல் வேண்டும். துக்கத்தின் எல்லையைக் கண்டவரும், பின்னர்ப் பிறர் துக்கத்தை ஆற்றுவதில் தலைநின்றவரும் அவ்வம்மையாரே. அவர்தம் பாடல்கள் தேரிகாதையில் உள்ளன. வரலாற்றை உரைநூல்கள் விரித்துக் கூறுகின்றன.

ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன், கோசல நாட்டுச் சாவத்தி நகரில் பெருஞ்செல்வர் ஒருவர்க்கு அவர் மகளாய்ப் பிறந்தார். ஏழு நிலை மாடத்தின் மேல்நிலையில் காவலுடன் வளர்ந்த அப்பெண், வீட்டுப் பணியாளன் ஒருவன்பால் அன்பு கொண்டார். பெற்றோர் வேறோர் இடத்தில் மணம் பேசவே, தாம் விரும்பியவனுடன் வெளியேறிச் சிற்றூர் ஒன்றிற் குடியேறினார்.

இரண்டாம் முறை கருவுற்றபோது, கணவனுடனும் மூத்த மகனுடனும் தாய்வீடு நோக்கிப் புறப்பட்டார். இடைவழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. பேறு நோவும் கண்டது. ஒதுங்க இடம் அமைக்கும் பொருட்டுக் கொம்பு வெட்டச் சென்ற கணவன், புற்றிலிருந்த பாம்பு தீண்டி மாண்டான். இரவெல்லாம் தம் உடலையே கூரையாக்கி இரு மக்களையும் காத்த அத்தாய், விடிந்தபின் கணவனின் உடலைக் கண்டார். அழுதுகொண்டே நடந்து, இன்று ராப்தி எனப்படும் அசிரவதி ஆற்றை அடைந்தார்.

ஆறு பெருகியிருந்தது. இருவரையும் ஒருங்கே தூக்கிச் செல்ல அவர்க்கு வலுவில்லை. பச்சிளங் குழந்தையை அக்கரையிற் கிடத்திவிட்டு மூத்தவனுக்காகத் திரும்புகையில், பருந்து ஒன்று குழந்தையைக் கவர்ந்தது. நடு ஆற்றில் நின்று அவர் கைகளை உயர்த்திக் கூவினார். தாய் தன்னை அழைக்கின்றாள் என்றெண்ணிய மூத்தவன் நீரில் இறங்கினான். வெள்ளம் அவனையும் கொண்டுபோயிற்று. எஞ்சியிருந்த தாய்வீட்டை நாடிச் சென்றவர்க்கு, முன்னிரவு மழையில் வீடு இடிந்து பெற்றோரும் உடன்பிறந்தானும் இறந்தனர் என்றும், மூவரும் ஒரே சிதையில் எரிகின்றனர் என்றும் செய்தி கிட்டியது.

அவர் அறிவு கலங்கிற்று. ஆடை நழுவியதும் அறியாது தெருக்களில் அலைந்தார். மக்கள் மண்ணாங்கட்டி எறிந்து விரட்டினர். ஜேதவனத்தை அணுகியபோதும் அங்கிருந்தோர் தடுத்தனர். பகவன் புத்தரோ அவரை வரவிடுமாறு பணித்தார்.

அன்பர்காள், அதன்பின் நிகழ்ந்தவற்றின் வரிசையை உற்று நோக்குக. பகவன் முதலில் அவரைச் சகோதரி என விளித்துச் சுயநினைவு பெறச் செய்தார். நாணி அமர்ந்தவர்க்கு அங்கிருந்த ஒருவர் தம் மேலாடையை அளித்தார். பின்னர் அம்மையார் தம் இழப்புகளை ஒவ்வொன்றாய்ச் சொல்ல, பகவன் கேட்டார். அதன் பிறகே, பிறவிதோறும் மாந்தர் சிந்திய கண்ணீர் நாற்கடல் நீரினும் மிகுதி என்ற உண்மையை உணர்த்தினார். தம்மம் புகுமுன் இன்சொல்லும், ஆடையும், கேட்கும் செவியும் அங்கே வந்துவிட்டன.

நான் ஆலைவேலையை விட்டுப் பிரசாரத்திற்கு வந்த புதிதில், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருவர் முன் அமர்ந்து அநித்தியத்தைப் பற்றி நெடுநேரம் பேசினேன். அவ்வம்மையார் எழுந்து உள்ளே சென்றுவிட்டார். நான் கூறியது பொய்யன்று. கூறிய காலமே பிழை. படாசாரையின் சரிதத்தைப் பன்முறை ஓதிய பின்னரே அது எனக்கு விளங்கிற்று.

அம்மையார் பிக்குணி ஆனார். ஒருநாள் கால் கழுவுகையில், ஊற்றிய நீர் ஒருமுறை அருகிலேயே சுவறிற்று. மறுமுறை சற்றுத் தொலைவு ஓடிற்று. மூன்றாம் முறை இன்னும் நெடுந்தொலைவு ஓடிற்று. இளமையிலும் நடுவயதிலும் முதுமையிலும் உயிர்கள் மறையும் இயல்பை அதிற் கண்டார். அன்றிரவு விளக்கின் திரியைத் தாழ்த்த, சுடர் அவிந்தது. அவர் உள்ளமும் விடுதலை பெற்றது. பின்னாளில் விநயம் அறிந்த பிக்குணிகளுள் முதல்வர் எனப் பகவனாற் சிறப்பிக்கப்பெற்றார்.

மக்களை இழந்த தாயர் பலர் அவரை நாடினர். நூல்கள் 500 பேர் என்பர். வந்த வழியும் போன வழியும் அறியப்படாத உயிருக்காக அழுவது ஏன் என்று அவர்களை வினவினார். வேறொருவர் வாயினின்று வந்திருப்பின் அச்சொல் கடுமையாய் ஒலித்திருக்கும். இரு மக்களை ஒரே நாளில் இழந்தவர் கூறியதால் அது மருந்தாயிற்று. சந்தை என்னும் கைம்பெண், சுற்றமும் சோறும் இன்றி 7 ஆண்டுகள் இரந்து திரிந்தவர். பிக்குணிகள் அவர்க்கு முதலில் உணவளித்தனர் என்று உரைநூல் கூறும். பின்னர்ப் படாசாரை அவரைச் சங்கத்திற் சேர்த்து, அறவுரை தந்து உயர்த்தினார். தாம் ஜேதவனத்திற் பெற்ற முறையையே அவர் பிறர்க்கும் வழங்கினார்.

1956-ஆம் ஆண்டிற்குப் பின் நம்மில் பல குடும்பத்தார் பழைய சடங்குகளை விட்டுத் திரிசரணம் புகுந்தனர். சாவு நேர்ந்த நாளில் ஆதரவற்று நிற்பின், அச்சத்தால் அவர்கள் மீண்டும் அவற்றையே நாடுவர். ஆதலின் அவ்வீட்டிற்கு முதலிற் செல்வோர் நாமாக இருத்தல் வேண்டும். நீர் கொடுங்கள்; உணவு சமைத்துக் கொடுங்கள்; சிறுவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்; அழுபவர் சொல்வதை முடியும்வரை கேளுங்கள். அவர்களே வினவும்போது தம்மத்தைச் சொல்லுங்கள். இன்று தேற்றப்படுபவர், படாசாரையைப் போல, நாளை பிறரைத் தேற்றுவார்.