தீமையின் மலர்கள்

தன் முதல் கவிதை நூலை அச்சில் காணும் மகிழ்ச்சிக்கு ஈடு ஏது? அம்மகிழ்ச்சி இரண்டு மாதங்கூட நிலைக்காத ஒரு கவிஞனின் வாழ்வை இங்கே சொல்ல விழைகிறேன். அவன் பெயர் ஷார்ல் போதலேர்.

1821 ஏப்ரல் 9-ஆம் நாள் பாரிசு மாநகரில் பிறந்தான். ஆறு வயது நிறையுமுன் தந்தையை இழந்தான். மறு ஆண்டே அன்னை ஓப்பிக் என்னும் படை அதிகாரியை மணந்தாள். இளைஞனின் போக்கைத் திருத்த எண்ணிய குடும்பத்தார் 1841-இல் அவனைக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினர். அவனோ மொரீசியஸ், ரீயூனியன் தீவுகளைக் கண்டதோடு திரும்பிவிட்டான். நம் மண்ணை அவன் மிதிக்கவில்லை. ஆனால் அந்தக் கடலும் கதிரவனும் அவன் கவிதைகளில் குடிபுகுந்தன.

தந்தைவழிச் சொத்து கைக்கு வந்ததும் தண்ணீராய்ச் செலவழித்தான். 1844 முதல் சட்டக் காப்பாளர் அளந்து கொடுத்த தொகையே அவனுக்குப் படி. கடன் துரத்திற்று, கவிதை தாங்கிற்று. எட்கர் ஆலன் போவின் கதைகளைப் பிரெஞ்சில் பெயர்த்துக்கொண்டே தன் பாக்களையும் செதுக்கி வந்தான்.

1857 ஜூனில், 36-ஆம் வயதில், 'தீமையின் மலர்கள்' வெளிவந்தது. முன்னுரைப் பாடலோடு நூறு கவிதைகள். சோலையையும் நிலவையும் மட்டுமே பாடாமல், நகரத்துத் தெருவிலும், நோயிலும், மனச்சோர்விலும் அழகைத் தேடியது அந்நூல். அதுவே குற்றமாயிற்று! அதே ஆண்டு ஃபுளோபேரின் 'மதாம் பொவாரி' புதினத்தின்மீது வழக்காடித் தோற்ற பினார் என்னும் அரசு வழக்கறிஞரே இவ்வழக்கிலும் வாதாடினார். ஆகஸ்ட் 20-இல் தீர்ப்பு வந்தது: 300 பிராங்கு தண்டம்; ஆறு கவிதைகளுக்குத் தடை. பேரரசிக்கு விண்ணப்பித்த பின் தண்டம் 50 பிராங்காகக் குறைந்தது, தடையோ நீங்கவில்லை.

தொடக்கமும் முடிவும் உடைய ஒரே கட்டடமாகத் தன் நூலை எழுப்பியவன் அவன். ஆறு தூண்களைப் பிடுங்கினால் கட்டடம் என்னாகும்? அவன் புலம்பி ஓயவில்லை. 35 புதிய கவிதைகள் சேர்த்து 1861-இல் மீண்டும் கட்டினான். நான் அவனைப் போற்றுவது இதற்காகவே.

1866-இல் பெல்ஜியத்தில் பக்கவாதம் தாக்கிற்று. சொல்லால் வாழ்ந்தவன் சொல்லிழந்தான். 1867 ஆகஸ்ட் 31-இல், 46-ஆம் வயதில் மறைந்தான். 1949-இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பைத் துடைத்தெறிந்தது. அதற்கு 92 ஆண்டுகள் ஆயின. கேட்டு மகிழ அவன் இல்லை.

மாணவ நண்பர்களே! நீதி காலம் தாழ்த்தலாம்; அதுவரை நம் கை ஓயலாகாது என்பதே அவன் வாழ்வு எனக்குக் கற்பித்த பாடம்.