ஜூலியா மார்கரெட் கேமரன்

ஜூலியா மார்கரெட் கேமரன் (ஜூன் 11, 1815 – ஜனவரி 26, 1879) கல்கத்தாவில் பிறந்து இலங்கையில் மறைந்த ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் ஆவார். விக்டோரியா காலத்து அறிஞர்களையும் கவிஞர்களையும் மிக அண்மையில் வைத்து எடுத்த முகப்படங்களுக்காகப் பெயர் பெற்றவர். 48ஆம் வயதில்தான் முதன்முதலாக ஒளிப்படக்கருவி இவருக்குக் கிடைத்தது. அதன் பின் 15 ஆண்டுகளே வாழ்ந்தார். ஆயினும் இவர் எடுத்தவற்றுள் 1,200க்கும் மேற்பட்ட படங்கள் இன்று அடையாளம் காணப்பட்டுள்ளன. இவர் தொழில்முறைக் கலைஞரா, பொழுதுபோக்காகப் படமெடுத்தவரா என்னும் கேள்வி இவர் காலத்திலேயே எழுந்தது. ஒளிப்படத்தால் பொருள் ஈட்ட இவர் பலவாறு முயன்றார். ஆனால் வாடிக்கையாளரின் விருப்பத்துக்கேற்பப் படமெடுக்கும் நிலையம் எதையும் நடத்தவில்லை.

பிறப்பும் குடும்பமும்

இவருடைய தந்தை ஜேம்ஸ் பாட்டில், கிழக்கிந்தியக் கம்பனியின் வங்காளப் பணியில் உயர் அலுவலராக இருந்தவர். தாய் அடிலைன் பிரெஞ்சு வழியினர். இளமைக் கல்வியின் பெரும்பகுதியை ஜூலியா பிரான்சில் தம் பாட்டியிடம் இருந்து பெற்றார். 1836இல் உடல்நலம் தேறுவதற்காக நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்தபோது இருவரைச் சந்தித்தார். ஒருவர் வானியலாளர் ஜான் ஹெர்ச்செல். ஒளிபட்டு அழியாமல் படத்தை நிலைநிறுத்தும் வேதிப்பொருளின் பண்பைக் கண்டறிந்தவர் அவரே. ஒளிப்படக்கலை கண்டுபிடிக்கப்பட்ட தொடக்க ஆண்டுகளிலேயே ஜூலியாவுக்கு அதனை அறிமுகம் செய்தவரும் அவரே. மற்றவர் சட்ட அறிஞர் சார்ல்ஸ் ஹே கேமரன். ஜூலியாவை விட 20 வயது மூத்த இவரை 1838இல் கல்கத்தாவில் ஜூலியா மணந்தார்.

இலங்கை வரலாறு படித்தோருக்குச் சார்ல்ஸ் கேமரன் புதியவர் அல்லர். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்த கோல்புறூக்–கேமரன் ஆணைக்குழுவின் இரண்டாம் பெயர் இவருடையதே. அப்பணியின்போது இலங்கை மீது கொண்ட பற்றினால் மலைநாட்டில் பெருமளவு நிலம் வாங்கிக் காப்பித் தோட்டங்கள் அமைத்தார். குடும்பத்தின் பிற்கால வரவும் கடனும் இந்தத் தோட்டங்களையே சார்ந்திருந்தன. 1843 முதல் 1848 வரை இந்தியத் தலைமை ஆளுநர் அவையில் சட்ட உறுப்பினராகப் பணியாற்றி ஓய்வு பெற்றபின் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. இவர்களுக்கு ஐந்து ஆண்மக்களும் ஒரு பெண்ணும் பிறந்தனர். 1860இல் வைட் தீவில் உள்ள பிரெஷ்வாட்டரில், கவிஞர் டென்னிசன் வீட்டுக்கு அருகே, இரண்டு சிறு வீடுகளை வாங்கி அவற்றை ஒரு கோபுரத்தால் இணைத்தனர். தங்கள் இலங்கைத் தோட்டத்தின் பெயரையே அவ்வீட்டுக்கு இட்டு டிம்போலா என அழைத்தனர்.

பரிசாக வந்த கருவி

1863 டிசம்பரில், கணவர் தோட்ட அலுவலாக இலங்கை சென்றிருந்த காலத்தில், மகளும் மருமகனும் ஜூலியாவுக்கு ஓர் ஒளிப்படக்கருவியைப் பரிசளித்தனர். தனிமையில் பொழுது போகட்டும் என்பதே அவர்களின் நோக்கம். ஒளிப்படம் எடுப்பது அக்காலத்தில் வசதி படைத்தோர் பொழுதுபோக்காகக் கொள்ளத்தக்க கலையாக மதிக்கப்பட்டது. அதே வேளையில் நகரங்களில் ஒளிப்பட நிலையங்கள் பெருகியிருந்தன. முகவரி அட்டை அளவிலான சிறு படங்களை ஆயிரக்கணக்கில் அவை விற்று வந்தன. வரைந்த திரை, ஒரு தூண், ஒரு நாற்காலி, தலை முதல் கால் வரை தெளிவாக நிற்கும் மனிதர் என்பதே அவற்றின் வாய்பாடு. உயர்குடிப் பெண்ணொருவர் அத்தகைய கடைத்தொழிலில் இறங்குவது அன்று மதிப்புக்குரியதாகக் கருதப்படவில்லை.

ஜூலியா கரி போட்டுவைக்கும் அறையை இருட்டறையாக்கினார். கண்ணாடி வேய்ந்த கோழிக்கூட்டைப் படமெடுக்கும் கூடமாக்கினார். 1864 ஜனவரியில் ஆனி பில்பாட் என்னும் சிறுமியின் படம் நன்றாக அமைந்தது. அன்றே அதனை அச்சிட்டு, சட்டமிட்டு, சிறுமியின் தந்தையிடம் கொடுத்துவிட்டார். அதனையே தம் முதல் வெற்றி என்று குறித்துவைத்தார்.

செய்முறை

அன்றைய ஒளிப்படக்கலை எத்துணைக் கடினமானது என்பதை அறியாமல் இவருடைய உழைப்பை மதிப்பிட இயலாது. ஈதரிலும் சாராயத்திலும் வெடிபஞ்சைக் கரைத்துப் பெறும் கொலோடியன் என்னும் பிசின் போன்ற நீர்மத்தைக் கண்ணாடித் தகட்டின் மீது சீராகப் பரவவிட வேண்டும். பின்னர் இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தகட்டை அமிழ்த்தி, ஈரம் உலருமுன் கருவிக்குள் செருகிப் படமெடுக்க வேண்டும். எடுத்த கையோடு அதனை உருத்துலக்கியும் ஆக வேண்டும். தகடு உலர்ந்தால் அனைத்தும் வீண். வெள்ளி நைட்ரேட்டால் விரல்கள் கறுத்துப்போகும். படத்தை நிலைநிறுத்த ஜூலியா பொட்டாசியம் சயனைடைப் பயன்படுத்தினார். அந்நஞ்சை அவர் கையாண்ட விதத்தைக் கேள்விப்பட்ட ஹெர்ச்செல் கவலையுற்று எச்சரித்து எழுதினார். தகடு கழுவும் நீரோ கிணற்றிலிருந்து சுமந்து வரப்பட்டது.

அக்காலத்தில் படங்களைப் பெரிதாக்கி அச்சிடுவது எளிதன்று. அல்புமின் தாளைத் தகட்டோடு ஒட்டவைத்து வெயிலில் அச்சிடுவதே வழக்கமாதலால் தகட்டின் அளவே படத்தின் அளவு. ஜூலியாவின் முதற்கருவி ஏறத்தாழ 11 அங்குலம் நீளமும் 9 அங்குலம் அகலமும் கொண்ட தகட்டை ஏற்றது. 1866இல் 15க்கு 12 அங்குலத் தகட்டை ஏற்கும் பெரிய கருவிக்கு மாறினார். இத்துணைப் பெரிய தகட்டில் முகத்தை நிறைத்து எடுக்கும்போது குவியத்தின் ஆழம் மிகக் குறைந்துவிடும். கண் தெளிவாக இருந்தால் காது தெளியாது. முதற்கருவியின் வில்லையில் வேறொரு குறையும் இருந்தது. கொலோடியன் நீல ஒளிக்கே பெரிதும் உணர்வுடையது. ஆனால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் இடத்தில் அவ்வில்லை நீல ஒளியைக் குவிப்பதில்லை. போதாக்குறைக்கு, முகத்தில் ஒரு பக்க ஒளி மட்டும் விழ வேண்டும் என்பதற்காக மற்ற வெளிச்சத்தைத் திரையிட்டு மறைத்தார். இதனால் படமெடுக்கப்படுபவர் சில நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டியதாயிற்று. அவர்களால் இயலவில்லை. இவ்வாறு நேர்ந்த மங்கலை நீக்க ஜூலியா முயலவில்லை. கருவியைத் திருகும்போது தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே நிறுத்திவிடுவது அவர் வழக்கம். வருவோரை நிறைவு செய்து கட்டணம் பெறும் நிலையக்காரர் எவரும் செய்யத் துணியாத செயல் இது.

வரவேற்பும் கண்டனமும்

1864இலேயே இவர் இலண்டன் ஒளிப்படக் கழகத்தின் உறுப்பினரானார். கழகத்தின் இதழ் உள்ளிட்ட ஒளிப்பட ஏடுகள் இவருடைய படங்களில் கண்ட மங்கலையும், கறைகளையும், விரல் தடங்களையும் கடுமையாகச் சாடின. தொழில்நுட்பத்தில் தேர்ச்சியற்ற சீமாட்டி என்பதே அவற்றின் மதிப்பீடு. ஓவியர்களும் பொது ஏடுகளின் கலை விமரிசகர்களும் மாறாகப் பாராட்டினர். ஓவியர் ஜார்ஜ் பிரடெரிக் வாட்சு இவருக்கு ஆசானாகவும் துணையாகவும் விளங்கினார். 1866இல் பெர்லின் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஏடுகளின் கண்டனத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. கீறலும் உரிதலும் உள்ள தகடுகளையும் இவர் தயங்காமல் அச்சிட்டார். எனினும் 1867இல் எடுத்த ஹெர்ச்செல்லின் படத்தையும் கார்லைலின் படத்தையும் பார்ப்போர், அக்காலத்து நிலையப் படங்களில் காண முடியாத ஒன்றை அவற்றில் காண்பர். 1868இல் பிரெஷ்வாட்டரில் தங்கியிருந்த சார்ல்ஸ் டார்வின், தம்மை எவரும் எடுத்த படங்களுள் இவர் எடுத்ததே தமக்கு மிகப் பிடித்தது என்று எழுதிக் கொடுத்தார். இக்கூற்று படத்தின் அடியில் அச்சிடப்பட்டு விற்பனைக்கும் பயன்பட்டது.

விற்பனை முயற்சிகள்

பொழுதுபோக்குக் கலைஞர் என்னும் சொல் இவருக்கு முழுமையாகப் பொருந்தாமைக்குக் காரணம் இவருடைய வணிக நடவடிக்கைகளே. 1862ஆம் ஆண்டுச் சட்டம் ஒளிப்படங்களுக்கும் பதிப்புரிமை அளித்திருந்தது. கருவி கிடைத்த சில மாதங்களிலேயே ஜூலியா தம் படங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார். 1875க்குள் இவ்வாறு 500க்கும் மேற்பட்ட படங்களைப் பதிந்தார். இலண்டனில் கோல்நாகி என்னும் புகழ்பெற்ற படவணிக நிறுவனம் இவருடைய படங்களை விற்றது. படத்தில் இருப்பவரின் கையொப்பம் பெற்ற பிரதிகளுக்குக் கூடுதல் விலை வைக்கப்பட்டது. 1865இல் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் தலைவர் ஹென்றி கோல் இவருடைய படங்களை வாங்கிக் காட்சிக்கு வைத்தார். 1868இல் அருங்காட்சியகத்திலேயே இரண்டு அறைகளைப் படமெடுக்க இவருக்கு ஒதுக்கினார். அவருக்கு எழுதிய கடிதங்களில் ஜூலியா தம் பணத்தேவையை மறைக்கவில்லை. மக்களைப் படிக்க வைக்க வேண்டிய தாய் புகழை மட்டும் கொண்டு வாழ இயலாது என்பதைத் தெளிவாகவே எழுதினார்.

ஆனால் விற்ற அளவுக்கு வாரியும் வழங்கினார். படத்தொகுப்பேடுகளைத் தம் கையாலேயே அமைத்து நண்பர்களுக்குப் பரிசளித்தார். 1864இல் ஹெர்ச்செல்லுக்கும், 1865இல் குடும்பத்துக்குப் பொருளுதவி செய்துவந்த ஓவர்ஸ்டோன் பிரபுவுக்கும் அளித்தவை அவற்றுள் சிறந்தவை. ஒரு படத்துக்காகப் பல தகடுகளைச் செலவிடும் வழக்கமும் இருந்தது. இத்தகைய கணக்கு எந்தக் கடைக்கும் கட்டுப்படியாகாது.

வீட்டுப் பணிப்பெண்கள், உறவுப் பெண்கள், வழிப்போக்கர் என எவரையும் பிடித்து அமர்த்திக் காவிய மாந்தராகவும் கன்னி மரியாளாகவும் எடுப்பார். ஆகவே படத்துக்கு உட்காருவோருக்குக் கூலி தரும் தேவை குறைவு. அவ்வாறு அமர்ந்தோருள் மேரி ரையன் என்னும் பெண்ணின் கதை குறிப்பிடத்தக்கது. இரந்து வாழ்ந்த ஐரியப் பெண்ணொருத்தியின் மகளான இவரை ஜூலியா தம் வீட்டில் வளர்த்தார். 1865இல் கோல்நாகி நடத்திய கண்காட்சியில் இவரைக் கண்டு விரும்பிய இளைஞர் 1867இல் இவரை மணந்தார். கும்பகோணத்தில் பிறந்தவரும், பின்னர் 1904இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவராக இருந்தவருமான சர் ஹென்றி காட்டனே அவ்விளைஞர்.

டென்னிசன் நூல்

காப்பித் தோட்ட வருவாய் 1860களிலேயே தளர்ந்திருந்தது. 1869இல் இலங்கையில் காப்பிச் செடியைத் தாக்கும் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. 1873இல் கருவியைப் பரிசளித்த மகள் இறந்தார். 1874இல் டென்னிசன் ஆர்தர் மன்னன் பற்றிய தம் கவிதைகளுக்குப் படங்கள் எடுக்குமாறு கேட்டுக்கொண்டார். ஜூலியா மாதக்கணக்கில் உழைத்து ஏராளமான தகடுகளை எடுத்தார். வெளிவந்த பதிப்பிலோ அவற்றுள் மிகச் சிலவே, அதுவும் சிறு மரச்செதுக்குப் படங்களாக, இடம்பெற்றன. மனம் பொறாத ஜூலியா முழு அளவுப் படங்களைக் கொண்டு தாமே இரண்டு தொகுதிகளை வெளியிட்டார். இன்று பெரிதும் போற்றப்படும் அத்தொகுதிகள் அவரைப் பணமுடையிலிருந்து மீட்கவில்லை.

இலங்கையில்

1875 அக்டோபரில் கேமரன் இணையர் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்குப் புறப்பட்டனர். அங்கு வாழ்க்கைச் செலவு குறைவு. ஆண்மக்களுள் பலரும் அங்கேயே இருந்தனர். பயணத்தில் ஒரு பசுவையும், கண்ணாடிப் பீங்கான் பொருட்களை நிரப்பிய இரு சவப்பெட்டிகளையும் உடன் கொண்டு சென்றதாகச் சொல்லப்படுகிறது.

வெப்பம், ஈரப்பதம், வேதிப்பொருள் தட்டுப்பாடு ஆகியவற்றால் இலங்கையில் கொலோடியன் முறை பெரும்பாடாயிற்று. ஓவியங்களையும் படங்களையும் விரும்பி வாங்குவோர் கூட்டமும் அங்கில்லை. ஆனாலும் கருவியை அவர் கைவிடவில்லை. 1877இல் களுத்துறையில் இவர் வீட்டுக்கு வந்த தாவர ஓவியர் மரியான் நார்த்தை வீட்டு முகப்பில் நிறுத்திப் படமெடுத்தார். களுத்துறைக் குடியானவர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்த படங்களும் உள்ளன. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தமிழரே அக்காலத் தோட்டத் தொழிலாளருள் பெரும்பான்மையினர். மலையகத் தமிழர் வரலாற்றில் கோப்பிக்காலம் எனப்படும் அவ்வாண்டுகளின் முகங்கள் பதிவானவை மிகக் குறைவாதலின் இப்படங்கள் நமக்கு அருமையானவை. ஆயினும் ஹெர்ச்செல்லின் பெயரையும் டார்வினின் பெயரையும் கவனமாகக் குறித்த ஜூலியா, இம்மனிதர்களை உழவர், தொழிலாளர் என்னும் பொதுப்பெயராலேயே குறித்தார். இலங்கையில் எடுத்தவற்றுள் 30க்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன.

1879 ஜனவரி 26 அன்று டிக்கோயாவில் கிளென்கெயர்ன் தோட்டத்தில் ஜூலியா காலமானார். பொகவந்தலாவை தூய மரியாள் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு இறந்த கணவரின் உடலும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது.

மறைவுக்குப் பின்

இளைய மகன் ஹென்றி ஹெர்ச்செல் ஹே கேமரன், தாய் செய்யாததைச் செய்தார். இலண்டன் மார்ட்டிமர் தெருவில் முறையான ஒளிப்பட நிலையம் நடத்தினார். ஜூலியா 1874இல் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட தன்வரலாற்றுக் குறிப்பு 1889இல் வெளியானது. இவருடைய சகோதரியின் பேர்த்தியான எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப் 1926இல் இவருடைய படங்களின் தொகுப்பொன்றை முன்னுரையுடன் வெளியிட்டார். வரலாற்றாசிரியர் ஹெல்முட் கெர்ன்ஷைம் 1948இல் எழுதிய நூலுக்குப் பிறகே இவர் பெயர் பரவலாக அறியப்பட்டது.

ஹெர்ச்செல்லுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த படத்தொகுப்பேடு 1974இல் ஏலத்தில் 52,000 பவுண்டுக்கு அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டது. நாட்டைவிட்டு அது வெளியேறாமல் தடுக்கப் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டு, 1975இல் இலண்டன் தேசிய உருவப்படக் காட்சியகம் அதனைப் பெற்றது. தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1899இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஹென்றி கோல் 1865இல் வாங்கிய படங்கள் அங்கு பாதுகாக்கப்படுகின்றன. டிம்போலா இல்லம் 1990களில் அறக்கட்டளை ஒன்றால் மீட்கப்பட்டு அருங்காட்சியகமாக்கப்பட்டது.