ரிலே தந்த ஜோசப் ஹென்றி

ஆய்வுக்கூடத்தில் கம்பிச்சுருளின் தன்மின்தூண்டலைக் கணக்கிட்டு, விடையின் இறுதியில் ‘ஹென்றி’ என்று எழுதுகிறோம். அந்த அலகுக்குப் பெயர் தந்தவர் ஒரு கூலித் தொழிலாளியின் மகன் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

ஜோசப் ஹென்றி 1797 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் ஆல்பனி நகரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பாட்டி வீட்டில் வளர்ந்த நாளில், பள்ளி விட்டதும் பலசரக்குக் கடையில் வேலை செய்தார். பின்னர் கடிகாரம் செய்பவரிடம் தொழில் பழகினார். 1819-இல் ஆல்பனி அகாடமி அவரைச் சம்பளமின்றிச் சேர்த்துக்கொண்டது. 1826-இல் அங்கேயே பேராசிரியரானார்.

நாள் முழுதும் பாடம் நடத்தியது போக, ஆராய்ச்சிக்குக் கிடைத்தது கோடை விடுமுறை மட்டுமே. கம்பியின் மேல் பட்டு நூலைச் சுற்றிக் காப்பிட்டு, அதைப் பல அடுக்குகளாக இரும்பில் சுற்றினார். 1831-இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த மின்காந்தம் 900 கிலோவுக்கும் மேற்பட்ட எடையைத் தூக்கியது. மின்காந்தத் தூண்டலையும் தாமாகவே கண்டறிந்தார். ஆனால் அவர் எழுதி வெளியிடுமுன் இங்கிலாந்தில் ஃபாரடே முந்திக்கொண்டார். புகழும் அவரைச் சேர்ந்தது. ஹென்றி சோர்ந்துவிடவில்லை. 1832-இல் தன்மின்தூண்டலைப் பற்றி வெளியிட்டார். அவ்வாண்டே பிரின்ஸ்டன் கல்லூரிக்குச் சென்றார்.

அங்கே 1835-இல் உருவானதே ரிலே. தொலைவிலிருந்து வரும் வலுக்குறைந்த மின்சாரம் ஒரு சிறு காந்தத்தை இயக்கும்; அது மற்றொரு சுற்றில் ஓடும் பெரும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும். யானையை அங்குசம் அடக்குவது போன்றது இது.

இதன் பயனை இன்று தியாகராய நகர் நெரிசலில் நிற்கும் கார்களிலும் காணலாம். பழைய கார்களில் விசிறியை என்ஜினே பெல்ட்டால் சுழற்றுகிறது. வண்டி நின்றால் என்ஜின் வேகம் குறையும், விசிறியும் தளரும், ரேடியேட்டர் கொதிக்கும். ஆகவே காரை மாற்றியமைப்போர் மின்விசிறி பொருத்துகின்றனர். அதற்கு 10 ஆம்பியருக்கு மேலும் மின்சாரம் தேவைப்படலாம். அவ்வளவையும் சிறிய வெப்பச் சுவிட்சு வழியே செலுத்தினால் அது கருகிவிடும். எனவே நடுவில் ரிலே வைக்கிறார்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் தடித்த கம்பி 30 என்ற முனையில் சேரும். 87-இலிருந்து விசிறிக்குச் செல்லும். 85, 86 முனைகளுக்கு இடையே கம்பிச்சுருள் உள்ளது. நீர் சூடேறியதும் சுவிட்சு அச்சுருளுக்கு ஓர் ஆம்பியரிலும் குறைந்த மின்சாரத்தை ஓடவிடும். சுருள் காந்தமாகி இரும்புத் தகட்டை இழுக்க, 30-உம் 87-உம் இணையும், விசிறி சுழலும்.

ஹென்றி தம் கண்டுபிடிப்புகள் எதற்கும் காப்புரிமை பெறவில்லை. அவற்றைப் பயன்படுத்திய தந்திக்குக் காப்புரிமையும் செல்வமும் பெற்றவர் மோர்ஸ். 1846 முதல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் முதல் செயலாளராகத் தொண்டாற்றிய ஹென்றி, 1878 மே 13 அன்று மறைந்தார். 1893-இல் சிகாகோவில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு அவர் பெயரை அலகாக்கியது.

குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் நம்மில் பலர். வசதியில்லை, நேரமில்லை என்று சொல்லுமுன், ஒரு மாத விடுமுறையில் உலகுக்கே ஒளி தேடிய இந்த ஆசிரியரை நினைவில் கொள்வோமாக!